இருபத்தேழாவது கேள்வி

சென்ற மாதம் கோட்டாற்றில் எங்கள் வீட்டுக்குச் சுகாதாரக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். கையில் அச்சடித்த தாள், காதில் பென்சில். வயது, எடை, பல் எத்தனை மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகக் கேட்டாள். 'மதுப்பழக்கம்' என்ற இடம் வந்ததும் தலையை நிமிர்த்தி என் தாடியைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

"மக்ளே, நான் இன்னும் பதிலே சொல்லலியே," என்றேன்.

"ஒங்களப் போயி அதெல்லாம் கேக்க முடியுமா பாட்டா?" என்றாள். அவளுக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி. போய்விட்டாள்.

அவள் எழுதியதுபோல ஓர் 'இல்லை'யை நானும் எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு பெரிய மனிதரின் உயிர் போகப் பார்த்தது, என் வேலையும் போகப் பார்த்தது. கதையில் இரண்டொரு அசிங்கமான இடங்கள் உண்டு. நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கும். தாளுக்கென்ன கூச்சம், எழுதிவிடுகிறேன்.

சமஸ்தான காலத்தில் நான் ஆராய்ச்சி உதவியாளன். எதில் ஆராய்ச்சி என்று கேட்டால் பதில் கொஞ்சம் நீளம். முதலில் விவசாய இலாகாவில் நெற்பயிரின் பூச்சி. பிறகு சுகாதார இலாகாவில் மனிதன் வயிற்றுக்குள் இருக்கும் புழு. அதோடு சேர்த்து, அந்த மனிதன் என்ன சாப்பிடுகிறான், எங்கே ஒதுங்குகிறான், எதை மறைக்கிறான் என்ற குடும்ப விசாரணை. பெரிய உருளியை அடுத்த வீட்டு விசேஷத்துக்கு இரவல் கொடுப்பதுபோல இலாகாவுக்கு இலாகா என்னைக் கொடுத்தார்கள். எங்கே போனாலும் வேலை ஒன்றுதான்: குனிந்து பார், எண்ணு, எழுது. மொத்தப் பயிற்சியும் மூன்று வாரத்தில் முடிந்தது. "நெல்லுப் புழு எண்ணினவன் மனுசப் புழு எண்ணமாட்டானா?" என்று சொல்லித்தான் பழைய அதிகாரி என்னைக் கொக்கிப்புழு டாக்டரிடம் தள்ளிவிட்டார்.

பூச்சி எண்ணிய நாட்களில் எனக்குப் பழக்கமான ஊர் ஒன்று பூதப்பாண்டிக்கு அப்பால் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். பேரப்பிள்ளைகள் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். அங்கே பெரிய பண்ணை மாதேவன் பிள்ளையுடையது. நெல்லின் தண்டைத் துளைக்கும் பூச்சி இலை நுனியில் முட்டையிட்டு, மேலே மயிர்போல ஒன்றால் மூடிவைக்கும். வெயில் ஏறினால் அது சட்டென்று கண்ணில் படாது. ஆகவே விடியும்போதே அவர் வயலில் இறங்கி வரிசை வரிசையாக எண்ணுவேன். அப்படி எண்ணியபோது இலாகா கேட்காத ஒரு கணக்கும் தானாகத் தெரியவந்தது. தினமும் விடிந்தும் விடியாமலும் ஒரு பனையேறி அவர் வீட்டுப் பின்வாசலுக்கு நிறைந்த கலயம் ஒன்றைக் கொண்டுபோவான். கொஞ்ச நேரத்தில் காலிக் கலயத்தை ஒற்றை விரலில் ஆட்டிக்கொண்டு திரும்புவான்.

மாதேவன் பிள்ளை சுத்த சைவம். அந்த வட்டாரத்தில் மதுவிலக்குக் கூட்டம் எது நடந்தாலும் அவர்தான் தலைமை. கள்ளின் கேட்டை அவர் விவரித்தால் பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். பொருள் தெரிந்தவர் பேச்சுக்கு ஒரு தனி அழுத்தம் உண்டல்லவா? நான் பூச்சியை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அதே ஊருக்குப் புழு ஆராய்ச்சியோடு போனேன். டாக்டர் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர். பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். ஊரில் அவருக்குப் 'புழு டாக்டர்' என்று பெயர், எனக்கு 'டப்பா சாயிபு'. சத்தம் போட்டு ஏசமாட்டார். சந்தோஷமாக இருந்தால் "எடோ காதரே" என்பார். கோபம் வந்தால் "மிஸ்டர் காதர், தாங்கள்" என்பார். அந்தத் 'தாங்கள்' காதில் விழுந்தாலே எழுந்து நின்றுவிடுவேன். மைக்ராஸ்கோப்பில் இடது கண்ணால் பார்ப்பார். வலது கண்ணை மூடவே மாட்டார், அது எங்கள்மேல் இருக்கும்.

வேலை முறை இது. மூடி போட்ட சின்னத் தகர டப்பாவில் எண் ஒட்டி, வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஒன்று, சாயங்காலம் கொடுப்போம். மறுநாள் காலை வாங்குவோம். உள்ளே என்ன இருக்கவேண்டும் என்பதைக் கண்ணியமாகச் சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிடும். பள்ளிக்கூடத்தின் ஓர் அறையில்தான் முகாம். டப்பாவிலிருந்து கொட்டைப்பாக்களவு எடுத்துச் சின்னப் புட்டியில் போட்டு, இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்கு உப்பிட்ட தண்ணீரை விட்டுக் கலக்குவேன். புட்டியின் விளிம்பு முட்ட நிரப்பி, தண்ணீரைத் தொடும்படி ஒரு கண்ணாடித் துண்டை மேலே வைப்பேன். ஒரு வெற்றிலை போட்டு மெல்லும் நேரம் பொறுத்தால் புழுவின் முட்டைகள் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். அதை அப்படியே திருப்பி டாக்டரிடம் நீட்டவேண்டும். கை நடுங்கினால் முட்டை போய்விடும்.

டப்பா கொடுப்பதற்கு முன் முப்பத்திரண்டு கேள்விகள். இருபத்தேழாவது கேள்வி: கள், சாராயம் உண்டா? டாக்டர் முதல் நாளே என் தலையில் அடித்ததுபோலச் சொல்லியிருந்தார். "புழு கொல்லும் குளிகை நல்லது. ஆனா வயிற்றிலே கள்ளு இருக்கும்போள் அது போனால், ஈரல் போயி. ஆளும் போயி. குடிக்கிற ஆள் என்றால் ஒரு வாரம் நிறுத்தி வெச்சிட்டுத்தான் மருந்து. கேட்டோ?"

கேட்டேன், நன்றாகவே கேட்டேன். மாதேவன் பிள்ளை வீட்டில் அந்தக் கேள்வி வந்தபோது அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை. 'இல்லை' என்று எழுதினேன். பிறகு டப்பாவை நீட்டினேன்.

"வே சாயிபு," என்றார். "ராசாவுக்கு வரி குடுத்தோம், நெல்லு குடுத்தோம். இப்ப இதையும் கேக்காராக்கும்?"

"ஆராய்ச்சிக்காக்கும் பண்ணையாரே."

"ஆராயட்டும், ஆராயட்டும். நாளைக்கு வாரும்."

மறுநாள் போனேன். டப்பா வந்தது. திறந்தால் மூக்குப்பொடி. மூடி இறுக்கமாக இருந்ததால் பொடியின் காரம் போகாமல் இருக்கிறதாம். எனக்கும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்னொரு டப்பா கொடுத்தேன். அது அவர் மனைவி நீலம்மையின் வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு டப்பாவாக உட்கார்ந்துகொண்டது. மூன்றாவதையும் கொடுத்துப் பத்து நாள் நடந்தேன். "நாளைக்கு" என்பதைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. பெரிய வீடு கொடுக்கவில்லை என்றதும் தெருவில் மற்றவர்களும் டப்பாவைக் கமுக்கமாக உறியில் ஏற்றிவிட்டார்கள்.

"மிஸ்டர் காதர்," என்றார் டாக்டர். "ஏழை வீட்டை மட்டும் எண்ணினால் அது ஆராய்ச்சி அல்ல, அதிகாரம். அந்த டப்பா நாளைக் காலை தாங்கள் கொண்டுவரணும்."

மறுநாள் காலையும் கை வெறுமையாகத் திரும்பினேன். பழையாற்றங்கரையில் நின்று யோசித்தேன். ஆற்றங்கரை, விடியற்காலை, கையில் காலி டப்பா. மற்றதை விவரிக்கவேண்டாம். நான் சுத்தமான ஆள், என்னிடம் புழு இருக்காது, முடிவு 'ஒன்றுமில்லை' என்று வரும், டாக்டர் சந்தோஷப்படுவார், பண்ணையாருக்கு மருந்தே வேண்டியிராது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? டப்பாவை மூடி, மாதேவன் பிள்ளையின் எண் நாற்பத்தொன்றை ஒட்டினேன்.

ஏன் அத்தனை நிச்சயம் என்றால், புழு வெறுங்கால் வழியாக ஏறுகிறது, செருப்புப் போடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவனே நான்தான். இலாகா எனக்கு நல்ல வார்ச்செருப்பு ஒரு ஜோடி கொடுத்திருந்தது. பேசும்போது அதைத் தூக்கிக் காட்டுவேன். பேசி முடித்ததும் கக்கத்தில் இடுக்கிக்கொள்வேன். வரப்பில் போட்டு நடந்தால் வழுக்கும். பெரியவர்கள் வீட்டு முற்றத்தில் போடக்கூடாது. கோயில் தெருவில் நினைக்கவே முடியாது. ஆக, நாஞ்சில் நாட்டு மண் முழுவதும் என் காலிலும், செருப்பு என் கக்கத்திலும் இருந்தன. இது எனக்கு அன்றுவரை உறைக்கவே இல்லை.

டாக்டர் கண்ணாடித் துண்டைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அந்த வலது கண் மூடியதை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன்.

"எடோ காதரே! இந்த ஊரிலே இத்தனை முட்டை யாருக்கும் இல்லை! பெரிய மனுஷன் வயிறு புழுக் களஞ்சியமாணு!" அவருக்கு ஒரே ஆனந்தம். பெரிய வீட்டுக்கே புழு என்றால் தெருவே டப்பாவைக் கொண்டுவருமே. "நாளைக் காலை நான்தன்னே போய், எல்லாரும் பார்க்கக் குளிகை கொடுப்பேன். ராத்திரி பட்டினி இருக்கச் சொல்லு."

படைச்சவனே, என் வயிற்றில் களஞ்சியம் இருப்பது ஒரு பக்கம். அவருடைய ஈரல் இன்னொரு பக்கம். ஒரு வாரம் நிறுத்த வழியில்லை, காலைக் கலயத்தையாவது தடுக்கலாம் என்று ஓடிப்போய் மாதேவன் பிள்ளையைத் தனியாகப் பிடித்தேன்.

"பண்ணையாரே, நாளைக்குக் குளிகை. அதுக்கு முன்னே... அது வேண்டாம்."

"எது?"

"அதுதான்... காலையிலே..."

"காலையிலே தேவாரம் படிப்பேன். அது வேண்டாமா?"

"அதுக்கும் முன்னே..."

"அதுக்கு முன்னே பல்லு தேய்ப்பேன்," என்றார். கண் இமைக்கவில்லை. "எனக்குப் புழுன்னு டாக்டரு கண்டுபிடிச்சாராக்கும்! டப்பாவே நான் குடுக்கல்லியே வே. மந்திரத்துலயா கண்டாரு?"

நான் மழுப்பினேன். அவர் தோளைத் தட்டி, "வரட்டும், ஒரு குளிகைதானே, தின்னுட்டுப் போறேன். பத்து நாளு நடந்து உம்ம காலு தேஞ்சுபோச்சு," என்றார். அவருக்கு அது வேடிக்கை. கள் என்ற ஒரு சொல்லை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் புத்தியில் தீயை வைக்க.

காலையில் டாக்டர் என்னை அடுத்த தெருவுக்கு டப்பா வாங்க அனுப்பினார். குறுக்குவழியாக மாதேவன் பிள்ளை வீட்டுப் பின்புறம் வந்தேன். பனையேறி போய்க்கொண்டிருந்தான், காலிக் கலயம் விரலில் ஆடிற்று. பின்வாசலில் நீலம்மை நின்றார். அதுவரை என்னிடம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசியிருக்கிறார். அன்றைக்கு வெளியே வந்து கையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்.

"சாயிபு, அவ்வோ இன்னைக்கும் குடிச்சாச்சு. வேண்டாம்னு எத்தனை மட்டம் சொல்லீட்டேன். அந்த மருந்து ஒண்ணும் செய்யாதில்லா?"

டப்பாக்களைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

முன்பக்கம் தெருவே கூடியிருந்தது. மாதேவன் பிள்ளை நாற்காலியில் மாப்பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் குளிகை, மறு கையில் தண்ணீர்ச் செம்பு. டாக்டர் கூட்டத்துக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். செம்பு வாய்க்குப் போகிறது. அவர் குடித்திருக்கிறார் என்று நான் கத்தினால் உயிர் தப்பும், ஆனால் அந்தத் தெருவில் அவர் பிறகு தலைநிமிர்ந்து நடக்கமுடியாது. சும்மா இருந்தால் ஆளே இருக்கமாட்டார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு உண்மை.

"டாக்டரே, கொடுக்காதீங்க! அந்த டப்பாவில் இருந்தது அவருடையது இல்லை. என்னுடையதாக்கும்!"

கூட்டம் சிரித்தது பாருங்கள், பழையாற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஏறி வந்து என்னவென்று கேட்டார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நீட்டிய கையில் மாதேவன் பிள்ளை குளிகையை வைத்தார்.

"மிஸ்டர் காதர். தாங்கள் நாளைக் காலை இந்தக் குளிகை விழுங்கணும். அதன் மறுநாள் இலாகாவுக்கு நான் கடிதம் எழுதுவேன்," என்றார். அந்தக் கடிதம் போனால் எனக்கு எந்த இலாகாவிலும் இடமில்லை. வீட்டில் உம்மாவும் இரண்டு தங்கைகளும் என் வேலையை நம்பி இருந்தார்கள். சொல்ல வெட்கமில்லை, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் வழியில் அழுதேன்.

மறுநாள் குளிகையும், அதன்பின்னால் பேதி உப்பும் சாப்பிட்டேன். புழுக்களோடு என் ஆணவமும் போயிற்று. பள்ளிக்கூட அறைக்கும் தென்னந்தோப்புக்குமாக நான் ஓடிக்கொண்டிருந்தபோது மாதேவன் பிள்ளை வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வந்த கையோடு மேசைமேல் ஒரு டப்பாவை வைத்தார்.

"இது நெசமாட்டே என்னுது," என்றார் டாக்டரிடம். தெரு வழியாக எல்லோரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். பிறகு வெற்றுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உக்காரும் வே, உக்கார முடிஞ்சா. என்னை எத்தனை கேள்வி கேட்டீரு! இப்ப நான் கேக்கேன். செருப்பு உண்டா?"

"உண்டு."

"எங்கே போடுவீரு?"

"கக்கத்துல," என்று அவரே எழுதிக்கொண்டார். மைக்ராஸ்கோப்பில் இருந்த டாக்டரின் தோள் குலுங்கியது. ஒதுங்குவது எங்கே, தடவை எத்தனை என்றெல்லாம் கேட்டு என் மானத்தை வாங்கிவிட்டு இருபத்தேழுக்கு வந்தார்.

"கள்ளு, சாராயம்?"

"இல்லை."

"நெசமாட்டா?"

"அல்லா சத்தியமா இல்லை."

"செரி. அப்ப என் தாளை எடும்." எடுத்தேன். அவர் குரல் மாறியிருந்தது. "அதுல இருபத்தேழை அடிச்சிட்டு எழுதும். தினம் ஒரு கலயம். விசேஷ நாளுன்னா ரெண்டு. எழுதும் வே, எதுக்கு என் மூஞ்சைப் பாக்கீரு? நேத்து நீரு உம்ம மானத்தைக் குடுத்து என் மானத்தைக் காப்பாத்தினீரு. நான் குடிச்சாச்சுன்னு கேட்டதும் நீரு டப்பாவைப் போட்டுட்டு ஓடினதை நீலம்மை ராத்திரி பூரா சொல்லிச் சொல்லி அழுதா. அந்தக் கூட்டத்துல எல்லாவனும் உம்மைப் பாத்துச் சிரிச்சப்போ நானுமில்லா சிரிச்சேன். எனக்கு ஒறக்கம் வரல்ல."

டாக்டர் எழுந்து வந்தார். "சத்தியம் பறயணும் மிஸ்டர் காதர். இது தங்களுக்கு முன்பே தெரியுமோ?"

"தெரியும்."

"தெரிஞ்சும் 'இல்லை' என்று எழுதியது எதுக்கு?"

"பெரியவரிடம் எப்படிக் கேட்பது என்று..."

அவர் கோபப்படவில்லை. அதைவிட மோசம், பயந்தார். மேசையறையைத் திறந்து அடுத்த குளிகை நாளுக்கான பட்டியலை எடுத்து என்முன் வைத்தார். பண்ணையாருக்கே புழு என்ற சேதி கேட்டு டப்பா கொடுத்த பெரிய வீட்டுக்காரர்களும் அதில் இருந்தார்கள்; குளிகை நாளுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான். "இதிலே 'இல்லை' என்று இருக்கிற ஆளுகளிலே, தாங்கள் வாய்விட்டுக் கேட்டு எழுதியது யார் யார்? கேட்காமல் எழுதியது யார் யார்?"

எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. பட்டியல் முழுவதும் என் கையெழுத்து. குண்டு குண்டாக அழகாக எழுதிய 'இல்லை'கள். ஒரு மனிதருக்கு நடக்க இருந்ததைப் பார்த்தே ஓடிவந்தவன் நான். அதே காரியத்தை இந்தத் தாளில் எத்தனை பேருக்குச் செய்து வைத்திருக்கிறேன்?

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன், செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு. மாதேவன் பிள்ளையும் கூட வந்தார். ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நான் தாளை விரிக்கும் முன்பே அவர் தொடங்கிவிடுவார். "ஏய், நான் தினம் ஒரு கலயம் குடிக்கேன்னு சர்க்கார் தாள்ல எழுதியாச்சு. இனி இந்த ஊர்ல யாரும் வெக்கப்படாண்டாம். உள்ளதைச் சொல்லு, இல்லேன்னா ஈரல் வெந்து சாவே." சிலர் வாயைப் பிளந்தார்கள். மதுவிலக்குக் கூட்டத்தில் அவர் பேச்சுக்கு அழுத அம்மாள் ஒருத்தி தன் புருஷனை முதுகில் குத்தி முன்னால் தள்ளிவிட்டாள். நானும் கேட்டேன். ஒவ்வொருவரையும் முகத்துக்கு நேரே பார்த்து, கள் உண்டா, சாராயம் உண்டா என்று வாய்விட்டுக் கேட்டேன். முதல் வீட்டில்தான் நாக்குக் குழறியது.

சாயங்காலம் டாக்டர் சிவப்புப் பென்சிலை என்னிடமே கொடுத்து, அடிக்கவேண்டிய பெயர்களை அடிக்கச் சொன்னார். ஏழு பெயர்கள். ஏழையும் அடித்து முடித்த பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. வயலில் இறங்கி வேலை செய்பவர் ஒருவர்கூட அந்த ஏழில் இல்லை. அவர்களிடம் நான் தயங்காமல் கேட்டிருந்தேன், அவர்களும் தயங்காமல் 'உண்டு' என்று சொல்லி, ஒரு வாரம் கள்ளை நிறுத்திவிட்டு மருந்துக்குக் காத்திருந்தார்கள். ஏழும் நான் எழுந்து நின்று கும்பிடுகிற பெயர்கள். கோயில் காரியக்காரர், பள்ளிக்கூட மானேஜர், வைத்தியர் என்று எல்லாம் நாலுபேர் மதிக்கிற ஆட்கள். டாக்டர் அந்தத் தாளை வாங்கி ஏழு பெயரையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இலாகாவுக்கு எழுதிவைத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாய்க் கிழித்தார்.

மாதேவன் பிள்ளை டப்பாவின் முடிவும் அன்றே வந்தது. ஒரு முட்டைகூட இல்லை. மிதியடி போடாமல் வாசல்படி இறங்காத மனிதர், தன் வயலில் கால் வைத்ததே கிடையாது.

நான் அந்த ஏழு பெயர்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஏன் அந்த ஏழு மட்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினார். எல்லோரும் அவருக்குச் சொந்தமோ சிநேகமோதான். கடைசிப் பெயர் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நல்ல காலம் வே," என்றார். "நீரு எங்களை இன்னும் கொஞ்சம் மதிச்சிருந்தா, ஊரே காலியாயிருக்கும்."